தையல் கூலியின் மீது இறங்கும் விலை

திருப்பூரின் பனியன் ஏற்றுமதித் தொழிலில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களுக்கு விலை பேசி முடிப்பவராக, பல ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு, உலகமயமாக்கம் அன்றாட விலைப்பேச்சாகவே அறிமுகமானது. வெளிநாட்டுப் பையர், அதாவது ஆடை வாங்கும் நிறுவனத்தார், தாம் தரக்கூடிய விலையைச் சொல்லிவிடுவார். நூல், நிட்டிங், சாயம், தையல் அனைத்தையும் அதற்குள் அடக்கிக் காட்டுவது எங்கள் பொறுப்பு. 2005 ஜனவரி 1 முதல் ஜவுளி வணிகத்தில் எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்ற நாட்டுவாரி ஒதுக்கீடு நீங்கிய பின், வங்கதேச விலையைக் காட்டிப் பேரம் பேசுவது அவர்களுக்கு எளிதாயிற்று. நூல் விலையை மில் குறைக்காது. நொய்யல் ஆற்றை மாசுபடுத்திய சாயப்பட்டறைகளை மூடும்படி 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் செலவும் சாயக் கட்டணத்தில் சேர்ந்துவிட்டது. அது நியாயமான செலவு. குறைக்க எஞ்சுவது தையல் கூலிதான்.

அந்தக் குறைப்பு எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. கட்டிங் மேசையில் பெரும்பாலும் ஆண்கள், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கிலும் தையல்காரருக்கு உதவும் கைமடி வேலையிலும் பெரும்பாலும் பெண்கள் என்ற பழைய பிரிவினை அப்படியே கூலி வித்தியாசமாகிறது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. இன்றும் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் அமைப்புகளும் கூலி ஒப்பந்தம் போடுகின்றன. ஆனால் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ஏஜென்சி மூலம் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு அந்த ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லை.

சாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்து வேலையை விட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்த அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றுக்கு, பண்ணையாரிடம் கைகட்டி நிற்காமல் வாரச் சம்பளம் வாங்குவதே பெரிய விடுதலையாக இருந்தது. அதை மறுப்பவர்கள் அந்தத் தோட்டங்களை அறியாதவர்கள். எனினும் நிலத்தை அடகு வைத்து மிஷின் வாங்க முடிந்தவர்கள் நிலம் வைத்திருந்த கவுண்டர் குடும்பத்தினரே. நிலமற்றவர்கள் பெரும்பாலும் மிஷினுக்கு முன்னால் உட்காருபவர்களாகவே தங்கிவிட்டார்கள்.

2013இல் டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, பையர்களுக்காகத் தொழிற்சாலைகளைச் சோதிக்கும் ஆடிட்டுகள் கடுமையாயின. அவசர வழிகள் திறந்தன, தீயணைப்புக் கருவிகள் வந்தன. உயிர் காக்கும் இந்த மாற்றங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தொழிலாளியிடம் கேட்ட கேள்வியைச் சூப்பர்வைசரே மொழிபெயர்த்ததையும் பார்த்திருக்கிறேன். தவிர, பையர் கொடுத்த விலை போதுமா என்பதை எந்த ஆடிட்டும் சோதித்ததில்லை.

கொட்டேஷனில் தையல் கூலியைப் பேரத்துக்கு உட்படாத தனிச் செலவினமாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஒரு நிறுவனம் மட்டும் அப்படிச் செய்தால் ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்பதால், ஏற்றுமதியாளர்கள் கூடி எடுக்க வேண்டிய முடிவு இது.