ஏர் பிஸ்டல், நான்காவது மாதம்: சுடாமல் கையை இறக்கப் பழகியது

ஞாயிறு காலை மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து புதுச்சேரியில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் எங்கள் கடலூரில் பிறந்தவர் என்று தெரிந்த நாளிலிருந்தே இந்த ஆசை உண்டு. அவருடையது ரைஃபிள். எனக்குக் கை போனது பிஸ்டல் பக்கம். முதல் நாள் பத்து குண்டுக்கு, நூற்றுக்கு 41 வந்தது, இரண்டு குண்டு அட்டையிலேயே படவில்லை. போன வாரம் 82. புதிதாகப் பிடிப்பவர்களுக்கு உதவட்டும் என்று நடுவில் நடந்ததை எழுதுகிறேன்.

தூரம் 10 மீட்டர், ஒரே கை, 4.5 மி.மீ. பெல்லட். அட்டையின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.தான். முதல் மாதம் முழுக்க கை நடுக்கத்தோடு மல்லுக்கட்டினேன். பிடியை இறுக்க இறுக்க நடுக்கம் கூடியது. ஒரு நாள் கோச் பக்கத்தில் வந்து, "எதைப் பாத்து சுடுறீங்க?" என்றார்.

"கறுப்பு வட்டத்தை, சார்."

"முன் சைட்டைப் பாருங்க. வட்டம் மங்கலாத் தெரிஞ்சா போதும்." (சைட் என்பது குறி பார்க்க துப்பாக்கியின் மேல் இருக்கும் பாகம். முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு பள்ளம்.)

சுட்ட அட்டையின் பின்பக்கத்தில் அவர் கோடு போட்டுக் காட்டியதுதான் எனக்குத் திருப்பம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 33 செ.மீ. இருக்கிறது. கை மொத்தமாக 1 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 1 மி.மீ.தான் நகரும். மணிக்கட்டு லேசாகத் திரும்பி, முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் 1 மி.மீ. ஒதுங்கினாலோ, அட்டையில் அது 30 மி.மீ. ஆகிவிடும். நடுவில் விழ வேண்டியது கறுப்பின் விளிம்புக்கு, ஏழுக்குப் போய்விடும். நடுக்கம் யாருக்கும் நிற்காது. அது இருக்கட்டும், முன் சைட்டின் இரண்டு பக்கமும் வெளிச்சக் கீற்று ஒரே அளவாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தேன். அடுத்த வாரமே குண்டுகள் ஒரு பக்கமாகச் சேர்ந்து விழுந்தன. நடுவில் இல்லை, இடது கீழே. ஆனாலும் சேர்ந்து விழுந்ததில் அவ்வளவு சந்தோஷம்.

இடது கீழே போனதற்குக் காரணம் வீட்டில் பிடிபட்டது. வாரம் மூன்று நாள், இருபது நிமிடம், வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர், அதாவது பெல்லட் போடாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகுவது. பெல்லட் டப்பா வேறு அறையில் இருக்கும், துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்ப்பேன், அந்தச் சுவருக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் கிடையாது. (எல்லா ஏர் பிஸ்டலையும் இப்படி வெறுமனே இழுக்கக் கூடாது, சிலது கெட்டுப்போகும். கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.) சுவரில் வட்டம் இல்லாததால் கண் அலைபாயாது. ட்ரிகர் விழும் நொடியில் முன் சைட் பட்டென்று இடது கீழே குனிவதை அப்போதுதான் பார்த்தேன். விரலோடு சேர்த்து மொத்தக் கையையும் பிழிந்திருக்கிறேன். ட்ரிகருக்கு வேண்டியது 500 கிராம், அரை லிட்டர் தண்ணீரின் எடை. விரல் நுனியின் சதை மட்டும், நேராகப் பின்னால், அவசரமில்லாமல். இது படிய ஆறு வாரம் ஆனது.

இருப்பதிலேயே கஷ்டமானது, சுடாமல் இறக்குவது. கை தூக்கி எட்டு நொடிக்குள் ட்ரிகர் விழவில்லை என்றால் கண் களைத்துவிடுகிறது. அப்புறம் சுடுவது எல்லாம் பறித்துச் சுடுவதுதான். போட்டியிலேயே 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், குண்டுக்கு ஒன்றேகால் நிமிடம். அந்த 82 வந்த சுற்றில் நான் ஏழு முறை சுடாமல் கையை இறக்கினேன்.

சின்ன விஷயங்கள் இரண்டு. நம்ம ஊர் புழுக்கத்தில் பிடி வழுக்கும், துண்டு இல்லாமல் போகாதீர்கள். பெல்லட் ஈயம் என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் டீ.

இப்போதைய தொல்லை தோள். முப்பது குண்டுக்கு மேல் கை தானாக இறங்கி, குண்டுகள் அட்டையில் ஆறு மணிப் பக்கம், அதாவது நேர் கீழே சரிகின்றன. சாயங்காலம் மாடியில் ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டிப் பிடித்து நிற்கிறேன், இப்போதைக்கு நாற்பது நொடி.