ஓட்டோ கியர் நாட்குறிப்பு: ஒன்றிலிருந்து நேரே நான்குக்கு

யூன் 28, 2025, சனி

அம்மாவைக் கிளிநொச்சியில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். ஆனையிறவு தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. பளையில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தி மறுபடி எடுத்தபோதுதான் பிரச்சினை. முதல் கியரில் வண்டி வழக்கம்போல இழுத்தது. இரண்டாவது விழவேண்டிய இடத்தில் விழாமல் எஞ்சின் கத்திக்கொண்டே போனது. பிறகு சட்டென்று அடங்கி, மேட்டில் பாரவண்டி இழுக்கிற மாடு மாதிரி முக்கி முக்கி நகர்ந்தது. வேகம் 40ஐத் தாண்டிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

பக்கத்தில் இருந்த மகள், "அப்பா, ஓ.டி. லைற் மின்னி மின்னி எரியுது" என்றாள். ஓ.டி. என்றால் ஓவர்டிரைவ், அதாவது நான்காவது கியர். நான் வீதியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நிறுத்தி, ஒரு மணித்தியாலம் கழித்து ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்தால் எல்லாக் கியரும் ஒழுங்காக விழுகின்றன. லைற்றும் இல்லை.

யூன் 30, திங்கள்

கராஜுக்குக் கொண்டுபோனேன். ஐந்து நிமிடம்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. பற்றரி வயரைக் கழற்றி மாட்டிவிட்டு, "கிளட்ச் தட்டு கருகிப்போச்சு, கியர்ப் பெட்டியை மாத்துங்கோ" என்றார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய பெட்டி எடுப்பிக்கலாமாம், லொறிக் கூலி தனி.

எனக்கு மனம் ஒப்பவில்லை. 1997ஆம் ஆண்டு ஜப்பான் கார் இது. ஏ9 பாதை திறந்த மறுவருடம், 2003இல், அப்பா கொழும்பிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்தது. முழங்கால் நோவுள்ள அம்மா ஏறி இறங்க வசதியான உயரம் இதற்குத்தான் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். இந்த வருடம் பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுசு நமக்கு எட்டாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

சூடேறினால் மட்டும் வந்து, ஆறினால் போகிற குறையைத் தட்டுக் கருகல் என்று எப்படி ஒரே பேச்சில் சொல்ல முடியும்? கருகிய தட்டு ஆறினால் திரும்ப முளைக்காது.

யூலை 2, புதன்

முதலில் கியர்ப் பெட்டியின் ஒயில். இதைக் குளிர்ந்த எஞ்சினில் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். இருபது நிமிடம் ஓட்டி, சமதரையில் நிறுத்தி (யாழ்ப்பாணத்தில் அதற்குப் பஞ்சமில்லை), எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி கியர்த் தடியை 'பி'யிலிருந்து (பார்க்கிங்) 'எல்' (லோ) வரை ஒவ்வொன்றிலும் சற்று நிறுத்திக் கொண்டுபோய், திரும்ப 'பி'க்கு வந்து, அப்புறம்தான் ஒயில் அளக்கும் குச்சியை இழுக்க வேண்டும். என் வண்டிக்கு முறை இது. சில கம்பனி வண்டிகளுக்கு எஞ்சினை நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள், அந்தந்தக் கையேட்டைப் பாருங்கள்.

அளவு குச்சியில் உள்ள 'ஹொட்' (சூடு) கோடுகளுக்கு நடுவே இருந்தது. ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டேன். இருண்ட சிவப்பு, ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் பரவியது. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நெருநெருப்பில்லை, மூக்கருகே கொண்டுபோனால் கருகல் நெடியும் இல்லை. தட்டு எரிந்திருந்தால் இது கறுத்து, தீய்ந்த பாண் மாதிரி மணக்கும். றேடியேற்றருக்குள் ஓடும் குழாய் உடைந்து தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்டது போல வெளுத்திருக்கும். இரண்டும் இல்லை.

பாதி நிம்மதி.

யூலை 5, சனி

கைபேசியில் செக்கன் கணக்குப் போட்டு இன்னொரு சோதனை. எஞ்சின் சூடாக, கை பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்தபடி, 'என்'னிலிருந்து (நியூட்ரல்) 'டி'க்கு (டிரைவ்) தள்ளினால் வண்டி 'டக்' என்று ஒரு உதறல் கொடுக்கும் வரை எவ்வளவு நேரம்? 1.2 செக்கனுக்குள் இருக்க வேண்டும். 'ஆர்'க்கு (றிவேர்ஸ்) 1.5. எனக்கு மூன்று முறைச் சராசரி 0.9, 1.2. ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு நிமிடமாவது விட்டேன். உள்ளே ஒயில் அமுக்கம் நன்றாகவே இருக்கிறது என்று இதற்கு அர்த்தம். அக்சிலேற்றரோடு சேர்ந்து இழுபடும் த்ரொட்டில் கேபிளும் சரி: அக்சிலேற்றரை முழுக்க மிதித்த நிலையில் கம்பியில் உள்ள முடிச்சுக்கும் உறைக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீற்றருக்குள் நிற்கிறது.

ஆக, இயந்திரப் பகுதியில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. மிச்சம் மின்சாரம்.

காருக்குள் இருக்கும் கணினி குறையை இலக்கமாகப் பதிந்து வைத்திருக்கும். அதைப் படிக்கலாம் என்று போனால், ஒன்றும் இல்லை. கராஜில் பற்றரி வயரைக் கழற்றினார்களே, அதோடு பதிவும் அழிந்துவிட்டது. ஓ.டி. லைற் மின்னுகிற வண்டியில், இலக்கத்தைப் படிக்கும் முன் பற்றரியைத் தொட யாரையும் விடாதீர்கள். எனக்கு ஒரு கிழமை வீணாய்ப்போனது இதனால்தான்.

யூலை 6, ஞாயிறு

குறையைத் தேடிக்கொண்டே சாவகச்சேரி போய்த் திரும்பினேன். கைதடிச் சந்தியில் வந்தது. ஓரமாக நிறுத்தினேன். பொனற்றைத் திறந்து, சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் 'ரி.இ.1', 'இ.1' என்று எழுதிய இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தேன். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் திருப்ப வேண்டும். ஓ.டி. பொத்தான் போட்டபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைற் மின்னாமல் தொடர்ந்து எரியும்.

ஆறு மின்னல். இடைவெளி. மூன்று மின்னல். திரும்பத் திரும்ப அதுவே.

63. இரண்டாம் சொலனொய்ட்டின் மின்சுற்று. சொலனொய்ட் என்பது பெட்டிக்குள் ஒயில் போகும் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு.

பின்னேரம் முழுக்க ஒரு அட்டவணையோடு உட்கார்ந்திருந்தேன். நான்கு கியரையும் இரண்டே சொலனொய்ட்டுகள் மாற்றுகின்றன. முதல் கியரில் ஒன்றாவதுக்கு மட்டும் மின்சாரம். இரண்டாவது கியரில் இரண்டுக்கும். மூன்றில் இரண்டாவதுக்கு மட்டும். நான்கில் இரண்டுக்கும் இல்லை. இப்போது இரண்டாவது சொலனொய்ட் செத்துவிட்டது என்று வையுங்கள். முதல் கியர் கிடைக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் அது இல்லாமல் கிடையாது. கணினி ஒன்றாவதையும் நிறுத்திவிட, மிஞ்சுவது நான்குதான். ஒன்றிலிருந்து நேரே நான்குக்கு! பளையில் எஞ்சின் கத்தியதும் பிறகு முக்கியதும் அச்சாக இதுதான். பெட்டி கெடவில்லை, கிடைத்த கட்டளையைத்தான் அது செய்திருக்கிறது.

யூலை 9, புதன்

எங்கள் ஒழுங்கை முடிவில் ஓட்டோ எலெக்ரிக் வேலை பார்க்கும் அண்ணையிடம் போனேன். விஷயத்தைச் சொல்லி முடிக்க முன்பே மீற்றரை எடுத்துவிட்டார். "சொலனொய்ட் வாங்கிப்போட அவசரப்படாதை தம்பி. முதலிலை பெட்டிக்குப் பக்கத்திலையும் அளப்பம், கணினிக்குப் பக்கத்திலையும் அளப்பம்."

குளிர்ந்த நிலையில் சொலனொய்ட்டின் மின்தடை இரண்டு பக்கமும் 13 ஓம். 11க்கும் 15க்கும் இடையில் இருந்தால் சரி. அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டு வந்து அளந்தோம். பெட்டியின் இணைப்பியில் 15. சூட்டில் செம்பின் தடை சற்றுக் கூடும், அதில் பிழையில்லை. கணினிப் பக்கம் வைத்தால் மீற்றர் ஒன்றுமே காட்டவில்லை. சொலனொய்ட் நலம். வழியில் எங்கோ வயர் அறுந்திருக்கிறது.

அண்ணை பற்றரியைத் தூக்கி வைத்துவிட்டு, அதன் தட்டுக்குக் கீழே போகும் வயர்க் கட்டின் கறுப்பு நாடாவைப் பிரித்தார். கட்டைத் தாங்கும் கிளிப் உடைந்து, தட்டின் விளிம்பில் உரசிக் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நான் சற்றுப் பெரிய பற்றரி போட்டேன், அதன் பாரத்தில் தட்டு அமர்ந்திருக்கிறது. ஒவ்வொரு வயராக இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். நான்காவது வயர் றப்பர் போல நீண்டது. மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. பிளேடால் சீவியதும் பச்சைத் தூள் கொட்டியது. செப்பு இழைகள் அமிலம் பட்டு உக்கி, இரண்டோ மூன்றோ மட்டும் நுனியோடு நுனி தொட்டுக்கொண்டிருந்தன. பொனற்றுக்குள் சூடேறி வயர் இளகியதும் அவையும் விலகிவிடும். ஆறினால் திரும்பத் தொடும்.

அந்தப் பச்சைத் தூளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதற்காகவா அப்பாவின் காரில் வேறொரு பெட்டியை ஏற்றப் பார்த்தோம்!

கெட்ட பகுதியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எறிந்து, புது வயர் வைத்து ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடினார். கட்டை விளிம்பிலிருந்து தள்ளிக் கட்டினார். வேலைக்குப் பணம் கேட்கத் தயங்கினார், நான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

யூலை 12, சனி

கிளிநொச்சி போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். போக வர ஏறத்தாழ 130 கிலோமீற்றர், நல்ல வெயில். பளையில் அதே கடையில் நிறுத்தி, அதே சூட்டோடு எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஓ.டி. எப்போது மாறியது என்று முள்ளைப் பார்த்தால்தான் தெரிந்தது. பின் சீற்றில் அம்மா முகமாலை வரும்போதே நித்திரை.

பற்றரி தட்டுக்குக் கீழே இன்னும் மூன்று வயர்கள் அதே கட்டில் போகின்றன. அவற்றின் நாடாவையும் அடுத்த சனி பிரிக்கப்போகிறோம். பழைய அளவுப் பற்றரிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.