வரைகலை டூலை ஸ்டீமில் ஏற்றிய கதை: இனிஷியலில் தொடங்கி எஃப்12 வரை

பிக்சல் ஓவியம் வரையும் ஒரு சின்ன மென்பொருளை ஸ்டீமில், அதாவது கணினி கேம்களை விற்கும் இணையக் கடையில், ஏற்ற ஒரு மாதம் ஒதுக்கியிருந்தோம். மூன்றரை மாதம் இழுத்தது. அதில் கோடு எழுதிய நாட்கள் பத்துகூட இருக்காது. ஓவிய, அனிமேஷன் டூல்களைக் கேம் கடையில் வைக்கலாமா என்று கேட்டால் இப்போதும் எங்கள் பதில் "வைக்கலாம்"தான். ஆனால் அந்தக் கடை உள்ளே வரும் எதையும் கேமாகத்தான் நடத்தும். இது முதலிலேயே உறைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஸ்டீமில் 2012 அக்டோபரிலிருந்தே கேம் அல்லாத மென்பொருளும் கிடைக்கிறது. இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளை அங்கே காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தானாக அப்டேட் ஆகிவிடும், அந்தப் பணமும் மேம்பாட்டுக்குப் போகும். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் அங்கேயும் இலவசம். ஆகவே இது புதுப் பாதை இல்லை. பள்ளம் எங்கே என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் பள்ளம் இனிஷியல். ஸ்டீமில் விற்பவராகப் பதியும்போது கொடுக்கும் சட்டப்பூர்வப் பெயரும், வரிப் படிவத்தில் உள்ள பெயரும், வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் பாஸ்புக்கில் இனிஷியலோடு பெயர் இருக்கும்; பான் பதிவில் அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும். வங்கிக் கிளையில் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதானே சார், ஒண்ணும் ஆகாது" என்று அனுப்பிவிட்டார்கள். ஆயிற்று. விவரங்கள் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி போய், பான் நகல், ஆதார் நகல், ஒரு விண்ணப்பக் கடிதம் கொடுத்து, கணக்கின் பெயரைப் பானில் இருப்பதுபோல் மாற்ற 11 நாள். பதிவைத் தொடங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். நடுவில் மாட்டினால் எல்லாம் நின்றுவிடும்.

அதே கிளையில் ஸ்விஃப்ட் கோடு கேட்டபோது ஐஎஃப்எஸ்சி-யை எழுதிக் கொடுத்தார்கள். அது உள்நாட்டுப் பணமாற்றத்துக்கு. டாலர் வர ஸ்விஃப்ட் கோடு வேண்டும்; சின்னக் கிளைகளுக்கு அது தனியாக இருக்காது. அதே வங்கியில் அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளையின் கோடு செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி வேண்டாம்.

அமெரிக்க வரிப் படிவம் டபிள்யூ-8பென். தனிநபராக இருந்தால் பான் எண்ணை வெளிநாட்டு வரி அடையாள எண் கட்டத்தில் போட்டு, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோர வேண்டும். கோரினால் அமெரிக்க விற்பனையில் உங்கள் பங்கிலிருந்து 15 சதவீதம் பிடிப்பார்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால் 30. ஒரு டிக் மறந்தால் பாதிக்குப் பாதி வித்தியாசம்.

ஒரு மென்பொருளுக்கு 100 டாலர் கட்டணம். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் திரும்பி வரும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் ஆன் செய்யுங்கள். 2020-க்குப் பின் தரப்படும் கார்டுகளில் அது அணைந்தேதான் வருகிறது. முதல் வெளியீட்டுக்குப் பணம் கட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும். "விரைவில்" என்ற பக்கம் குறைந்தது 2 வாரம் கடையில் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடலாம்; நாங்கள் ஒன்று முடிந்தபின் மற்றதைத் தொடங்கி 2 வாரத்தை வீணடித்தோம்.

படங்கள் ஒரு நாள் வேலை. அட்டைப் படத்தில் மென்பொருளின் பெயரும் ஓவியமும் மட்டும்; விமர்சன வரி, விருது முத்திரை எதுவும் கூடாது. 3840-க்கு 1240 அளவிலான லைப்ரரி பேனரில் எழுத்தே கூடாது.

பில்டை, அதாவது ஓடத் தயாரான மென்பொருளை, ஏற்றியபின் ஸ்டீமின் பரிசோதனைக்குப் போனது, திரும்பி வந்தது. தப்பு எங்களுடையதுதான். லினக்ஸ் பதிப்பு உண்டு என்று பக்கத்தில் டிக் செய்திருந்தோம். லினக்ஸ் டெப்போவையும், அதாவது அதற்கான கோப்புத் தொகுப்பையும், ஏற்றியிருந்தோம். அதை விற்பனைப் பேக்கேஜில் சேர்க்க மறந்துவிட்டோம். வாங்கியவருக்கு லினக்ஸ் கோப்பு ஒன்றும் இறங்காது. நம் கணினியில் டெவலப்பர் கணக்கில் நன்றாக ஓடும், அதனால் தெரியவே தெரியாது. டெவலப்பர் கணக்கு இல்லாத ஒரு நண்பருக்கு ஸ்டீம் கீ (மென்பொருளைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு) கொடுத்து இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அமைப்புகளை மாற்றியபின் "பப்ளிஷ்" அழுத்தாமல் விடுவது இன்னொரு வழக்கமான சறுக்கல். சேவ் ஆகியிருக்கும், வெளியே போயிருக்காது.

பெரிய தலைவலி ஓவர்லே, அதாவது மென்பொருளின் மேல் ஸ்டீம் விரிக்கும் மேல்திரை. ஸ்டீமிலிருந்து திறக்கும் எந்த மென்பொருளின் மேலும் அது வந்து ஒட்டிக்கொள்ளும், நாம் ஸ்டீமின் எஸ்டிகே-வை (மென்பொருளோடு இணைக்க அவர்கள் தரும் நிரல் தொகுப்பை) சேர்க்காவிட்டாலும். ஷிஃப்ட்+டேப் அதைத் திறக்கும், எஃப்12 ஸ்கிரீன்ஷாட் எடுக்கும். எங்கள் டூலில் ஷிஃப்ட்+டேப் என்றால் முந்தைய ஃப்ரேம். அனிமேஷன் செய்கிறவர் நிமிடத்துக்கு இருபது தடவை அழுத்தும் கீ அது. பிளெண்டரில் எஃப்12 என்றால் ரெண்டர், காட்சியைப் படமாக்குவது. ஸ்டீம் வழியாகத் திறந்தால் ரெண்டரோடு ஸ்கிரீன்ஷாட்டும் இலவசம்!

இன்னொன்று. கேம் நொடிக்கு அறுபது தடவை திரையை வரையும். வரைகலை டூல் ஏதாவது மாறினால் மட்டுமே வரையும். ஓவர்லே நம் மென்பொருள் திரையை வரையும்போது அதன்மேல் ஏறித்தான் தன்னைக் காட்டுகிறது. அதனால் சும்மா இருக்கும் கேன்வாஸின் மேல் அது பாதியில் உறைந்து நிற்கும். பயனருக்கு "ஹேங் ஆயிடுச்சு" என்றுதான் தோன்றும். எஸ்டிகே சேர்த்திருந்தால் ஓவர்லேவுக்கு மறுவரைவு தேவையா என்று கேட்டறிய ஒரு ஃபங்ஷன் உண்டு. தேவை என்றால் அந்த நேரம் மட்டும் தொடர்ந்து வரையச் செய்யலாம். எங்களைப் போல எஸ்டிகே சேர்க்காதவர்கள் ஷார்ட்கட்டை மாற்றிவிட்டு, ப்ராப்பர்டீஸ் பக்கத்தில் ஓவர்லேயை அணைக்கும் வழியை உதவிப் பக்கத்தின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

எஸ்டிகே சேர்க்காததற்குக் காரணம் உரிமம். எங்கள் மென்பொருளில் மற்றவர்கள் எழுதிய ஜிபிஎல் கோடு இருக்கிறது; அதோடு சேர்த்து வினியோகிப்பதன் மூலக் கோடையும் திறந்து தர வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. மூடிய எஸ்டிகே-வை அதோடு இணைத்து வினியோகிக்க முடியாது. எஸ்டிகே இல்லாமல் கடையில் வைக்கத் தடையில்லை. அதில் ஒரு லாபமும் கிடைத்தது: ஸ்டீம் ஓடாதபோதும் ஃபோல்டருக்குள் போய் இருமுறை சொடுக்கினால் டூல் திறக்கும். கடை வழியாகத்தான் திறக்க வேண்டும் என்ற பூட்டு கட்டாயமில்லை. வேலைக்கான கருவிக்கு அதைப் போடாதீர்கள்.

ஆனால் படக் கோப்பைச் சொடுக்கினால் எங்கள் டூல் திறக்கவில்லை. சாதாரண இன்ஸ்டாலர் விண்டோஸிடம் கோப்பு வகையைப் பதிந்துவிடும். இங்கே தானாக யாரும் பதிவதில்லை. முதல் முறை திறக்கும்போது பயனரைக் கேட்டு நாமே பதிய வேண்டும். பயனர் ஸ்டீம் லைப்ரரியை வேறு டிரைவுக்கு நகர்த்தினால் பாதை உடையும் என்பதால், ஒவ்வொரு முறையும் பாதையைச் சரிபார்ப்பது நல்லது.

வெளியான மூன்றாம் வாரத்தில் வந்த புகார்தான் இன்னும் சுடுகிறது. மாதிரி பிரஷ்களையும் வண்ணத் தட்டுகளையும் இன்ஸ்டால் ஃபோல்டரிலேயே வைத்திருந்தோம். பயனர்கள் அதைத் திருத்தி, அதே பெயரில் சேமித்திருக்கிறார்கள். அப்டேட் வந்தது, அந்தக் கோப்புகளின் மேல் எங்கள் புதுக் கோப்புகள் ஏறின. சிலருக்கு வாரக்கணக்கான பிரஷ் வேலை போயிற்று. கேமில் அந்தக் கோப்புகளைப் பெரும்பாலும் யாரும் தொடமாட்டார்கள், அதனால் அங்கே இது பெரிய பிரச்சினை இல்லை. இப்போது முதல் ஓட்டத்தில் எல்லாவற்றையும் பயனரின் சொந்த ஃபோல்டருக்கு நகல் எடுத்து, அதைத்தான் திருத்த விடுகிறோம். பிரஷ்களை ஒரே ஜிப்பாகக் கட்டியிருந்ததையும் பிரித்தோம். ஸ்டீம் கோப்புகளைச் சுமார் 1 எம்பி துண்டுகளாக ஒப்பிட்டு, மாறிய துண்டை மட்டும் அனுப்பும். ஜிப்புக்குள் ஒரு பிரஷ் மாறினால் முழு ஜிப்பும் இறங்க நேரிடலாம்.

அப்டேட்டைப் பயனரால் முழுக்க நிறுத்த முடியாது. திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்பதுதான் அதிகபட்சம். பாதி வேலையில் இருப்பவருக்கு அது ஆபத்து. ஒவ்வொரு பெரிய பதிப்பையும் ஸ்டீமில் தனிக் கிளையாக (பிராஞ்ச்) விட்டுவைத்தால், பீட்டாஸ் பகுதியில் போய்ப் பழையதைத் தேர்ந்துகொள்வார்கள். பிளெண்டரும் பழைய நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை அப்படித்தான் வைத்திருக்கிறது.

திருப்பித் தரும் விதி: வாங்கி 14 நாளுக்குள், ஓடிய நேரம் 2 மணி நேரத்துக்குள். கேமுக்குப் போதும். வரைகலை டூலைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் மணி ஓடும், பேனா அழுத்தத்தைச் சரிசெய்வதற்குள் ஒரு மணி போய்விடும். தனி டெமோ விடுங்கள், அதில் ஓடிய நேரம் இந்தக் கணக்கில் வராது.

கல்லூரி ஆய்வகம், அலுவலகம் கேட்டால் கடைப் பக்கம் அனுப்பாதீர்கள். முப்பது கணினிக்கு முப்பது கணக்கு வேண்டும், பல இடங்களில் கேம் தளம் என்று நெட்வொர்க்கே தடுத்துவிடும். 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7-க்கு ஸ்டீம் ஆதரவும் இல்லை. அவர்களுக்கு நேரடி இன்ஸ்டாலர். நம் தளத்தில் வாங்குகிறவருக்கு ஸ்டீம் கீ சேர்த்துத் தரலாம், அதற்கு ஸ்டீம் பங்கு கேட்பதில்லை.

எங்களுக்கு வரவேண்டிய தொகை 100 டாலரைத் தொட்டபின் அடுத்த மாதக் கடைசியில் பணம் வந்தது, வங்கியிலிருந்து அழைப்பும் வந்தது. "கேம் விளையாடி ஜெயிச்ச காசா சார்?" எந்த நோக்கத்துக்கான பணம் என்ற குறியீடு இல்லாமல் வரவு வைக்கமாட்டார்கள். வினியோக ஒப்பந்தத்தின் நகலையும் அந்த மாத விற்பனை அறிக்கையையும் காட்டிய பிறகு மென்பொருள் வருமானமாகப் பதிந்தார்கள். அறிக்கையை மாதாமாதம் பிடிஎஃப்-ஆக இறக்கி, ஒப்பந்த நகலோடு ஒரே ஃபைலில் போட்டு வைத்திருங்கள்; அடுத்த மாதம் கவுண்டரில் வேறு ஆள் இருப்பார்.