ஓடிபி வராமலே போன 18,640 ரூபாய்

2023 ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை. விடிகாலை 3.12-க்கு வந்த எஸ்எம்எஸ்ஸைக் காலையில் காபி குடிக்கும்போதுதான் பார்த்தேன். டெபிட் கார்டில் 18,640 ரூபாய் காலி, ஏதோ வெளிநாட்டுக் கடையில், டாலரில். கார்டு பர்ஸிலேயே பத்திரமாக இருக்கிறது, ஓடிபியும் வரவில்லை. பழைய மெசேஜ்களைத் தள்ளிப் பார்த்தால் வியாழக்கிழமையே 84 ரூபாய் போயிருந்தது. கார்டு உயிரோடு இருக்கிறதா என்று சின்னத் தொகையில் தட்டிப் பார்ப்பார்களாம். நான் அதை வங்கிக் கட்டணம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஆப்பில் கார்டை பிளாக் செய்து, கஸ்டமர் கேரில் புகார் எண் வாங்கி, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கும் சொல்லி முடிக்க அரை மணி நேரம்.

கூத்து திங்கட்கிழமை கிளையில். "ஓடிபி யாருக்காவது சொல்லியிருப்பீங்க சார், நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. வரவே இல்லை என்றேன். "வராம எப்படி சார் காசு போகும்?" என்று கேட்டுக்கொண்டே படிவத்தில் 'ஓடிபி பகிரப்பட்டது' என்று எழுதப் போனார். பேனாவோடு கையைப் பிடிக்காத குறைதான். தயவுசெய்து இந்த இடத்தில் மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். ரகசிய எண்ணை நாமே கொடுத்தோம் என்று பதிவானால், புகார் சொன்ன நேரம் வரைக்கும் போன காசு நம் தலையில்தான்.

ஓடிபி கட்டாயம் என்பது நம் ஊர்க் கடைகளுக்கு. வெளிநாட்டுக் கடைக்குப் பல நேரம் கார்டு எண், முடியும் தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் போதும். 2020-லிருந்து புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடித்தான் வருகிறது. மார்ச்சில் சிங்கப்பூர் ஹோட்டலுக்குப் பணம் கட்ட நான்தான் திறந்தேன், மூட மறந்தேன். அது என் புத்தி.

கடைசியில் அந்த அம்மா "கணக்கு இருக்கிற கிளையிலதான் கொடுக்கணும்" என்று கைகழுவிவிட்டார். என் கணக்கு புதுக்கோட்டையில். திருச்சியிலிருந்து லீவு போட்டு பஸ் ஏறிப் போனால், "எஃப்ஐஆர் எங்கே?" என்கிறார்கள். ஸ்டேஷனில் ஏட்டு எஃப்ஐஆருக்குப் பதில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு, போட்டுக் கொடுத்தார், அதற்கே இரண்டு மணி நேரம்.

அடுத்த தடவை போனபோது, ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைப் பிரிண்ட் எடுத்து, மூன்று இடத்தில் மஞ்சள் மார்க்கர் அடித்து எடுத்துப்போனேன். வங்கி மேலும் நம் மேலும் தப்பில்லாமல் வெளியிலிருந்து நடந்த திருட்டை மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் பூஜ்யம். பத்து வேலை நாளுக்குள் பணத்தைத் தற்காலிகமாகவாவது வரவு வைக்க வேண்டும். தப்பு நம்முடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "தொண்ணூறு நாள் ஆகும்னு எங்க ஸ்டாஃப் சொன்னாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். தொண்ணூறு நாள் என்பது விசாரணையை முடிக்கத்தான். உடனே சீல் வந்தது. ஜெராக்ஸ் பிரதியிலும் சீலும் தேதியும் கேட்டு வாங்கினேன். நீங்களும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஒன்பதாவது வேலை நாளில் பணம் வரவானது, எடுக்க முடியாதபடி பிடித்துவைத்துத்தான். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போடலாம் என்று மனுவை எழுதியே வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. இருபத்தேழாம் நாள் பிடிப்பை எடுத்துவிட்டார்கள்.

அந்த 84 ரூபாயைப் படிவத்தில் சேர்க்க மறந்திருந்தேன். அதற்குத் தனிப் படிவம் வேண்டுமாம், புதுக்கோட்டையில்.