நஞ்சராயன் குளம், அப்புறம் வெள்ளோடு

வரித்தலை வாத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஜனவரியில் திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி ரோட்டில் நஞ்சராயன் குளத்துக்குப் போனேன். ஒரு கூட்டம் கரையோரம் புல் மேய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தலையின் பின்பக்கம் மை தீட்டியது போல இரண்டு கறுப்புப் பட்டை. நடை சோம்பல்தான். ஆனால் இவை மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறவை. 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததைக் கருவி கட்டியே பதிவு செய்திருக்கிறார்கள்.

இத்தனை நாடு கடந்து வரும் பறவையை ஒரு நாடு மட்டும் காப்பாற்ற முடியாது. அதற்குத்தான் 1971-ல் ஈரானின் ராம்சர் நகரில் ஈரநிலங்களுக்கு ஓர் உடன்படிக்கை போட்டார்கள். இந்தியா 1982-ல் சேர்ந்தது. ஈரோடு பக்கம் இருக்கும் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-லும் நஞ்சராயன் குளம் 2024-லும் அந்த உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் ஏறின.

சரி, பட்டியலில் ஏறினால் பறவை பெருகுமா? ஐரோப்பாவில் 1979-ல் கொண்டுவந்த பறவைகள் சட்டத்தை 2007-ல் ஆராய்ந்தவர்கள், சிறப்புப் பாதுகாப்பு பெற்ற இனங்கள் மற்றவற்றைவிட நன்றாகத் தேறியிருப்பதாகச் சொன்னார்கள். 2022-ல் வந்த இன்னொரு ஆய்வு 68 நாடுகளில் 1,506 பாதுகாக்கப்பட்ட இடங்களை எடுத்துப் பார்த்தது. பலன் கலவைதான். நீர்ப்பறவைகளுக்கென்றே பராமரித்த இடங்களில்தான் நல்லது நடக்க வாய்ப்பு அதிகமாம். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. திருப்பூர் வழியாகப் போகும் நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் ஓடிய காலத்தில் அதைத் தட்டிக் கேட்டது எந்த உடன்படிக்கையும் இல்லை. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்காமல் போனால் வீட்டில் திட்டு விழும். வாங்கிக்கொண்டு சென்னிமலை வழியாக வெள்ளோடு போய்ச் சேர்ந்தேன். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தன. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை என்பது ஊரறிந்த செய்தி. டீ குடித்த இடத்தில் ஓர் ஆத்தாவிடம் இதைக் கேட்டேன்.

“வெடிச்சா குஞ்செல்லாம் பயந்து கூட்டுல இருந்து உளுந்துருமுங்க அம்மணி. பொறவு யாரு எடுத்து வெக்கறது?”

“பேரப்பசங்க அழமாட்டாங்களா ஆத்தா?”

“அளுவானுங்கதான். கம்பி மத்தாப்புக் குடுத்தா முடிஞ்சுது.”

இந்தக் கட்டுப்பாடு ராம்சர் பட்டியலுக்குப் பல வருசம் முந்தையது. அதனால் பட்டியலே வீண் என்று சொல்லமாட்டேன். நாளைக்கு ஏரியை ஒட்டி ஒரு ரோடோ மனைப்பிரிவோ வந்தால், கோர்ட்டில் காட்ட ஆத்தாவின் மத்தாப்பு போதாது. அங்கே அந்தக் காகிதம் வேண்டும். ஆனால் ஏரிக்குத் தண்ணீர் வருகிறதா, வருவது சுத்தமானதா என்று ஜெனீவா பக்கம் இருக்கும் ராம்சர் அலுவலகத்திலிருந்து யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. அதற்கு இங்கேதான் ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும்.

போகிறவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். விடிந்ததும் போய்விடுவது நல்லது, வெயில் ஏறினால் வாத்துகள் நடுத்தண்ணீருக்குப் போய்விடும். பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள்.