கிரியாட்டினின் நார்மல், சரி… பிரஷர் எவ்வளவு?

ஸ்கேனில் இரண்டு கிட்னியிலும் நீர்க்கட்டிகள் என்று வந்ததும் எல்லார் கண்ணும் கிரியாட்டினின் மேல்தான் போகும், அதாவது கிட்னி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு. அது 0.9 என்றிருந்தால் "அப்பாடா" என்று ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுவார்கள். பரம்பரையாக வரும் பாலிசிஸ்டிக் கிட்னி நோயில் இந்த நிம்மதி பெரிய தப்பு. பழுதான நெஃப்ரான்களின் (ரத்தத்தை வடிகட்டும் நுண் அலகுகள்) வேலையை மிச்சமிருப்பவை இழுத்துப்போட்டுச் செய்வதால் கிரியாட்டினின் பல வருடம் அசையாது. பிரஷர் அப்படிக் காத்திருக்காது. கிட்னியின் வேலைத்திறன் குறையும் முன்பே, பெரும்பாலும் 30 வயதை ஒட்டி, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது ஏறிவிடுகிறது.

ஏன்? நீர்க்கட்டி பெரிதாகும்போது பக்கத்தில் ஓடும் மெல்லிய தமனிகளை நசுக்குகிறது. அந்தப் பகுதிக்கு ரத்தம் குறைந்ததும், உடம்பு முழுக்கவே பிரஷர் விழுந்துவிட்டது என்று கிட்னி ஏமாந்து, பிரஷரை ஏற்றும் வேலையைத் தொடங்கி வைக்கும் ரெனினைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் ரத்தக்குழாய்களை இறுக்கும், உப்பையும் உடம்பில் பிடித்து வைக்கும். இது பாதிக் கதைதான். பிகேடி1, பிகேடி2 ஜீன்கள் உருவாக்கும் பாலிசிஸ்டின் புரதங்கள் கிட்னியில் மட்டும் இல்லை, ரத்தக்குழாயின் உள்சுவரிலும் தசையிலும் இருக்கின்றன. அவை பழுதானால் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, சுவரும் பலவீனமாகிறது. இதை ரத்தக்குழாய் நோய் என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

பிரஷர் ஏறிய நிலையிலேயே வருடங்கள் ஓடினால் இதயத்தின் இடது கீழறை தடித்துப்போகும். 2014-ல் வெளியான ஹால்ட்-பிகேடி ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குள், கிட்னி இன்னும் நன்றாக வேலை செய்தவர்களுக்கு, பிரஷரை 110/75-க்குள் இறக்கி வைத்துப் பார்த்தார்கள். வழக்கமான 120/70–130/80 குழுவைவிடக் கிட்னி பெரிதாகும் வேகம் சுமார் 14% குறைந்தது, இடது கீழறையின் தடிப்பும் கூடுதலாக இறங்கியது. ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது, தலைசுற்றல் அதிகமாக வந்தது. அதனால்தான் இந்த இலக்கு 'தாங்கினால் மட்டும்'. வயது கூடியவர்களுக்கும், கிட்னி ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கும் இலக்கு வேறு, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மருந்தில் முதல் இடம், ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும், 'பிரில்' என்று முடியும் ஏசிஇ தடுப்பான்களுக்கு, அல்லது அது வேலை செய்வதைத் தடுக்கும், 'சார்டன்' என்று முடியும் வகைக்கு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. ஆரம்பித்து 2 முதல் 4 வாரத்துக்குள் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30% வரை ஏறுவது பொதுவாக எதிர்பார்த்ததுதான், அதைப் பார்த்துப் பயந்து தானாக மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும், இந்த இரண்டு வகையும் கருவுக்கு ஆகாது. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமான ஒரு டீஸ்பூன். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தானாக வாங்கிப் போட வேண்டாம், பிரஷரையும் ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும்.

வீட்டில் பிரஷர் பார்ப்பதில் நடக்கும் தவறுகள்தான் ஏராளம். மாடி ஏறி வந்த கையோடு பார்ப்பது, சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றுவது, பேசிக்கொண்டே பார்ப்பது. 5 நிமிடம் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், கால்கள் தரையில் பதிந்திருக்கட்டும், கை இதய மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூட்டித்தான் காட்டும். 1 நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், 7 நாள் குறித்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள்.

மூளையில் வரும் ரத்தக்குழாய் வீக்கம், அதாவது அனியூரிசம், எல்லாரையும் பயமுறுத்துவது. இந்த நோயாளிகளில் சுமார் 10% பேருக்கு இருக்கலாம், குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் ஏறக்குறைய 20%. பெரும்பாலானவை சிறியவை, வெடிக்காமலே இருந்துவிடும். அதனால் ஸ்கேனுக்கு முன்வரிசையில் நிற்க வேண்டியவர்கள், குடும்பத்தில் அனியூரிசமோ மூளை ரத்தக்கசிவோ காரணம் தெரியாத திடீர் மரணமோ உள்ளவர்கள். ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனான எம்.ஆர். ஆஞ்சியோ போதும், படம் தெளிவாகப் போடும் கேடோலினியம் ஊசி தேவையில்லை. சிகரெட் பிடிப்பவர் அதை இன்றே விட வேண்டும். ஸ்கேன் எடுத்தவரோ எடுக்காதவரோ, சில நொடியிலேயே உச்சத்துக்குப் போகும், இதுவரை வந்தே இராத தலைவலி என்றால் மாத்திரை போட்டுப் படுக்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போய் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும்.

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வு பின்னால் பிதுங்குவது அடிக்கடி காணப்படும், பெரும்பாலும் தொந்தரவு தராது. ஸ்டெத்தில் முணுமுணுப்பு கேட்டாலோ, குடும்பத்தில் மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) கிழிந்த வரலாறு இருந்தாலோ எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கலாம்.

பிள்ளைகளுக்கு இந்தக் கிட்னி நோய் வரும் வாய்ப்பு 50%. அவர்களுக்கு ஸ்கேன் எடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, 5 வயதிலிருந்து வருடம் ஒருமுறை பிரஷர் பார்த்தாலே போதும். குழந்தைக்கான பட்டையில் பார்த்து, வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதற்கான அட்டவணையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பெரியவர்களின் 120/80-ஐ 7 வயதுப் பிள்ளைக்கு அளவுகோலாக வைத்தால், ஏறிய பிரஷரும் நார்மலாகத்தான் தெரியும்.