சேர் கற்பித்த தேவகோபம்

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது எதை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. துடுப்பாட்டப் போட்டிகளையும் விடுதி வாழ்க்கையையும் சுவையாக எழுத நம்மிடையே பலர் இருக்கிறார்கள். நம் கல்லூரி எனக்குத் தந்தவற்றுள் இன்றுவரை நான் எடுத்துப் பயன்படுத்துவது பத்தாம் வகுப்புக் கிறிஸ்தவ பாடத்தில், சேர் என்று நாங்கள் அழைத்த ஆசிரியரிடம் கற்ற ஒரு விஷயம்தான். கடவுளுக்குக் கோபம் வரும் என்று வேதாகமம் சொல்கிறதே, அதன் பொருள் என்ன என்பது.

அதற்கு முன் எங்களுக்குத் தெரிந்திருந்த தேவகோபம் வேறு. ஊரில் அநேக கிறிஸ்தவ வீடுகளின் முன்விறாந்தையில் ஒரு படம் தொங்கும். விசாலமான வழி, இடுக்கமான வழி. ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டில் வரையப்பட்டு உலகமெல்லாம் போன படம். இடது பக்கத்து அகன்ற பாதையில் ஆடலும் பாடலும் நாடகக் கொட்டகையும். அதன் முடிவில், மேல் மூலையில், நெருப்பு. அம்மம்மா வீட்டில் இருந்த படத்தில் அந்த மூலை மட்டும் ஈரம் பட்டுக் கறுத்திருந்தது. அதனால் நெருப்பு இன்னும் பெரிதாகத் தெரியும். இரவில் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்போம்.

இந்தப் பயத்துக்கு ஒரு நீண்ட பரம்பரை உண்டு. 1816இல் தெல்லிப்பழைக்கு வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் நியூ இங்கிலாந்து சபைகளின் பிள்ளைகள். அந்த மண்ணில்தான் 1741 ஜூலை 8ஆம் திகதி என்ஃபீல்ட் என்ற ஊரில் ஜொனதன் எட்வர்ட்ஸ், கோபமுற்ற கடவுளின் கையில் அகப்பட்ட பாவிகளைப் பற்றிப் பிரசங்கித்தார். கேட்டவர்கள் அலறியதால் பிரசங்கமே தடைப்பட்டதாகச் சொல்வார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கி வானசாஸ்திரமும் கணிதமும் கற்பித்த அதே மனிதர்கள் அந்தப் பிரசங்கத்தின் வெப்பத்தையும் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ஆனால் அந்தப் பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேதாகமத்தை வாசித்தால் பாதிதான் விளங்கும்.

மீதிப் பாதி எங்களுக்கு 1981 ஜூனில் கிடைத்தது.

தெற்கிலிருந்து வந்த பொலிசாராலும் காடையராலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு நாட்கள் அதிகம் ஆகவில்லை. ஏறத்தாழ 97,000 நூல்கள். தீயைப் பார்த்த அதிர்ச்சியில், பன்மொழி அறிஞரான கத்தோலிக்கக் குரு தாவீது அடிகளார் உயிர் நீத்த செய்தியைத்தான் எல்லா வீடுகளிலும் கதைத்தார்கள். கல்லூரி திறந்து, முதல் கிறிஸ்தவ பாடம். எங்களில் ஒருவன் நூலக வளவுக்குள் பொறுக்கிய ஒரு தாளைக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான். நான்கு ஓரமும் கருகி, தொட்டால் உதிரும். நடுவில் நாலைந்து வரிகளை மட்டும் வாசிக்கலாம். அது என்ன புத்தகம் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அவன் அதைச் சேரின் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டான்: "சேர், கடவுளுக்கு இதுக்குக் கோபம் வராதோ?"

சேர் உடனே விளக்கம் சொல்லவில்லை. ஆபகூக்கின் முதலாம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னார். ஒருவன் எழுந்து வாசித்தான். துன்மார்க்கன் நீதிமானை விழுங்கும்போது நீர் ஏன் மௌனமாயிருக்கிறீர் என்று தீர்க்கதரிசி கடவுளிடமே வழக்குப் பேசும் பகுதி. வாசித்து முடிந்ததும் சேர் சொன்னார்: "தம்பி கேட்ட கேள்வி வேதத்திலேயே இருக்குது. இப்படிக் கேட்கிறது பாவமில்லை." பிறகு ஒரே ஓர் உதாரணம் சொன்னார். மூத்தவன் இளையவனைப் போட்டு அடிக்கிறான். தாய் பார்த்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாள் என்றால் அவளை நல்ல தாய் என்பீர்களா? அவளுக்குக் கோபம் வரவேண்டும். அந்தக் கோபம் அவளுடைய அன்புக்கு எதிரானதல்ல, அன்பிலிருந்தே வருவது. அடிபட்ட பிள்ளையின் பக்கம் நிற்கும்; அடித்த பிள்ளையையும் விட்டுவிடாது, ஏனென்றால் அவனும் அவள் பெற்றவன்.

அதுவரை கடவுளின் கோபம் என்றாலே நாங்கள் எங்களை நோக்கி நீளும் பிரம்பைத்தான் நினைத்திருந்தோம். அநியாயம் செய்யப்பட்டவன் அந்தக் கோபத்துக்காக ஏங்குவான் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. சங்கீதங்களைப் பாடியவர்களில் அநேகர் அப்படி ஏங்கியவர்கள். கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறார் என்று வயல்களும் மரங்களும் கைகொட்டாத குறையாக மகிழ்வதாக 96ஆம் சங்கீதம் பாடுகிறதே, அது ஏன் என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

சேர் அதோடு விட்டிருந்தால் நாங்கள் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்போம். கடவுள் எங்கள் பக்கம், அவர்களுக்கு அடி விழும். ஆனால் அடுத்த வகுப்பில் அவர் ஆமோசை எடுத்தார்.

ஆமோஸ் கிறிஸ்துவுக்கு முன் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தீர்க்கதரிசி. தெற்கே யூதாவில் தெக்கோவா ஊர்க்காரர். மந்தை மேய்த்தவர், காட்டத்திப் பழம் பொறுக்கியவர். வடக்கே இஸ்ரவேல் ராஜ்யத்துக்குப் போய், பெத்தேலில், அரசனுடைய ஆலயம் இருந்த இடத்தில் நின்று பேசினார். சேர் கரும்பலகையின் நடுவில் வெண்கட்டியால் ஒரு சிறிய வட்டம் போட்டார். உள்ளே இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவின் பெயரை எழுதினார். பிறகு ஆமோசின் வரிசைப்படி சுற்றிவரப் பெயர்களை எழுதினார். வடகிழக்கில் தமஸ்கு, தென்மேற்கில் காசா, வடமேற்கில் தீரு, தென்கிழக்கில் ஏதோம், கிழக்கே அம்மோன், மோவாப். ஒவ்வொன்றுக்கும் அதன் குற்றத்தைப் பக்கத்தில் எழுதினார். தமஸ்கு இருப்புக் கருவிகளால் கீலேயாத்தைப் போரடித்தது. காசா மக்களைச் சிறைப்பிடித்து மொத்தமாக விற்றது. அம்மோன் எல்லையை விரிக்கக் கர்ப்பவதிகளைக் கீறியது. "மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும்" என்ற அதே வரி ஒவ்வொரு தேசத்துக்கும் திரும்பத் திரும்ப வருகிறது. பெத்தேலில் கூடிநின்றவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டியிருப்பார்கள் என்றார் சேர். எதிரிகளின் பட்டியல் அல்லவா!

ஏழாவதாக யூதா. தெற்கத்தைய சகோதரன். அதற்கும் தலையாட்டியிருப்பார்கள்.

எட்டாவதாக, நடுவில் இருந்த வட்டத்தை வெண்கட்டியால் குத்தினார். இஸ்ரவேல். நீதிமானைப் பணத்துக்கும் எளியவனை ஒரு சோடி பாதரட்சைக்கும் விற்றவர்கள். ஏழையிடம் அடைமானமாக வாங்கிய வஸ்திரத்தை விரித்துப் பீடத்தின் பக்கத்திலேயே படுத்தவர்கள். மற்றத் தேசங்களுக்கு இரண்டு மூன்று வசனங்கள். இஸ்ரவேலுக்குப் பக்கம் பக்கமாகப் போகிறது.

வகுப்பில் சத்தமில்லை. சேர் கையிலிருந்த வெண்கட்டித் தூளைத் தட்டிவிட்டு எங்களிடம் ஒரு செய்தியைச் சொன்னார். 1929இல் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. அதுவரை சில பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். அந்த உத்தரவை எதிர்த்து யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்கள் தெற்கிலிருந்து வரவில்லை.

"நூலகத்தை எரிச்சதுக்குக் கடவுளுக்குக் கோபம் வரும் என்று நம்புறீங்கள். நல்லது, நானும் நம்புறன். அப்ப அந்தப் பள்ளிக்கூடங்களை எரிச்சதுக்கும் வந்திருக்கும்."

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல, அதுவும் அந்த மாதத்தில் சொல்ல, எவ்வளவு துணிவு வேண்டும் என்பது எனக்கு வயது போகப் போகத்தான் தெரிகிறது. நூலகத்துக்கான துக்கத்தை அவர் குறைக்கவில்லை. அந்தக் கருகிய தாளை ஒரு கண்ணாடித் துண்டின் கீழ் வைத்து, தவணை முடியும்வரை மேசையில் வைத்திருந்தார். ஆனால் கடவுளின் கோபத்தை ஒரு பக்கத்தாரின் ஆயுதமாக்க அவர் விடவில்லை.

விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரன் சைவன். அவனுக்குச் சைவநெறி வகுப்பு. இரவில் நான் இதைச் சொன்னபோது அவன் அதிசயப்படவில்லை. "எங்கட பக்கத்தில இதை மறக்கருணை என்பினம்" என்றான். இனிமையாய்ச் செய்வது அறக்கருணை, தண்டித்து ஆட்கொள்வது மறக்கருணை. சூரனை வேலால் பிளந்தும் மயிலும் சேவலுமாக முருகன் தன்னோடு வைத்துக்கொண்டதைச் சொன்னான். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்கு வேதாகமத்தை நன்றாக வாசிக்க உதவியது. அப்படித்தான் ஓசியாவின் 11ஆம் அதிகாரத்துக்குப் போனேன். இஸ்ரவேலைக் கைபிடித்து நடை பழக்கிய தகப்பன், என் இருதயம் எனக்குள் குழம்புகிறது, என் உக்கிர கோபத்தின்படி செய்யமாட்டேன், நான் மனுஷனல்ல, தேவன் என்று சொல்லும் இடம் அது. மனிதனுக்குக் கோபம் வந்தால் இரக்கம் வெளியே போய்விடும். கடவுளிடத்தில் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன.

இரண்டாம் நூற்றாண்டிலேயே மார்சியன் என்பவர் ரோமாபுரியில், பழைய ஏற்பாட்டின் கோபக்காரக் கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று பிரித்துக் காட்டினார். சபை 144ஆம் ஆண்டளவில் அவரை விலக்கியது. சரியான முடிவு. இயேசுவும் கோபப்பட்டார். ஓய்வுநாளில் சூம்பின கையுடையவன் ஒருவன் ஜெப ஆலயத்தில் நிற்கிறான். அவனைச் சுகமாக்கினால் குற்றம் பிடிக்கலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். இயேசு அவர்களின் இருதயகடினத்தினிமித்தம் விசனப்பட்டு, கோபத்துடனே சுற்றிலும் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார். விசனமும் கோபமும் ஒரே பார்வையில். அடுத்த நிமிடம் கையை நீட்டு என்கிறார், கை சுகமாகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளில் சுனாமியால் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, மட்டக்களப்பு, அம்பாறை. அடுத்த வாரங்களில் இங்கே ஒரு ஜெபக்கூட்டத்தில், வந்திருந்த பிரசங்கியார் ஒருவர், விக்கிரக ஆராதனைக்காக அந்தக் கரைகளில் தேவகோபம் இறங்கியது என்றார். கூட்டத்தில் இருந்தவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தின் உறவுக்காரர்களும் இருந்தார்கள். எனக்குக் கை நடுங்கியது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசுவே கேட்டாரே: எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா? இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். கேட்டவர்களைத் தங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்னார். செத்தவனின் தலைமாட்டில் நின்று கணக்குப் பார்க்கும் உரிமையை அவர் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. நான் எழுந்து அந்த வசனங்களை வாசித்தேன். கூட்டம் குழம்பியது உண்மைதான். இன்று கேட்டாலும் வாசிப்பேன்.

சிலுவைக்கு வராமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. கோபங்கொண்ட பிதா ஒன்றுமறியாத மகனை அடித்துத் தன் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார் என்று சிலர் விளக்குவார்கள். சேர் அதை ஏற்றுக்கொண்டதே இல்லை. அவர் ஒரு பாத்திரத்தைக் காட்டுவார். எரேமியா 25இல் கர்த்தர் தம் உக்கிரத்தின் பானம் நிறைந்த பாத்திரத்தைத் தீர்க்கதரிசியின் கையில் கொடுத்து, சகல ஜாதிகளுக்கும் குடிக்கக் கொடு என்கிறார். முதலில் எருசலேம், பிறகு எகிப்து, பெலிஸ்தியர், ஏதோம் என்று அந்தப் பாத்திரம் கைமாறிக்கொண்டே போகிறது. ஏசாயா 51இல் அது நொந்துபோன ஜனத்தின் கையிலிருந்து எடுக்கப்படுகிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் என்று ஜெபிக்கிறார். அதே பாத்திரம். குடிக்கக் கொடுத்தவரே வாங்கிக் குடிக்கிறார். தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று பவுல் எழுதுவது இதைத்தான். நியாயாதிபதி ஆசனத்தை விட்டிறங்கிக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். அநியாயம் அநியாயமில்லை என்று சொல்லி மன்னிக்கவில்லை; அதன் முழுப் பாரத்தையும் தாமே சுமந்து மன்னிக்கிறார்.

குரோஷியாவில் பிறந்த இறையியலாளர் மிரோஸ்லாவ் வோல்ஃப், கோபம் கடவுளுக்குத் தகாது என்று ஒரு காலத்தில் எண்ணியவர். 1990களில் யூகோஸ்லாவியப் போரில் தன் ஊர்கள் அழிந்ததைக் கண்டபின், இவ்வளவு கொடுமையைப் பார்த்தும் கோபப்படாத கடவுள் என்றால் அவரை எதிர்த்து நிற்கவேண்டி வரும் என்று எழுதினார். அதை வாசித்தபோது எனக்கு எங்கள் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொல்லியிருப்பதால் நீங்கள் பழிவாங்காமல், கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள் என்கிறது ரோமர் 12. மனித நீதிமன்றம் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. காணாமல்போன பிள்ளைக்காக வீதியில் இருக்கும் தாயை வீட்டுக்குப் போ என்று சொல்ல இந்த வசனத்தை எடுப்பது பெரிய அநியாயம். அவள் கேட்பது நியாயம். கடவுளின் கோபம் அவளுக்குத் துணை. பழியை என் கையில் எடுக்காமல் இருக்க எனக்குப் பலம் தருவதும் அந்தக் கோபம் உண்டு என்ற நம்பிக்கைதான். ஒரு சாம்பல் துகளும் அவர் கணக்கில் தப்பாது என்றால் என் பிள்ளைகளுக்கு நான் வெறுப்பைச் சொத்தாக எழுதிவைக்கத் தேவையில்லை.

எங்கள் சபையில் ஒவ்வொரு மே மாதமும் போரில் இறந்தவர்களுக்காக ஓர் ஆராதனை நடத்துகிறோம். கோபம் பற்றிய வசனங்கள் இந்த நாளுக்கு வேண்டாமே, ஆறுதலானவை போதுமே என்று சிலர் அன்பாகச் சொல்வதுண்டு. நாங்கள் இரண்டையும் வாசிக்கிறோம். இந்த முறை ஆமோஸ். வாசிப்புப் பட்டியலில் முதலாம் அதிகாரம் மட்டும் இருந்தது. இரண்டாம் அதிகாரம் எட்டாம் வசனம்வரை சேர்க்கச் சொல்லிப் போதகரிடம் கேட்டேன், அவரும் சம்மதித்துவிட்டார்.